ஒரு வீடும் நான்கு நடிகர்களும்: சிறு செலவில் உளவியல் திகில் படம் எடுப்போரின் கேள்விகளுக்குப் பதில்கள்

பதினெட்டு ஆண்டுகளாகப் படத்தொகுப்பிலும் ஒலி வடிவமைப்பிலும் பணியாற்றி வருகிறேன். நான் பணியாற்றிய படங்களுள் ஐந்து, பெரிய நிறுவனங்களின் துணை எதுவுமின்றி, நண்பர்களின் சேமிப்பைக் கொண்டு எடுக்கப்பட்ட உளவியல் திகில் படங்கள். அவற்றில் ஒன்றை நானே எழுதி இயக்கினேன். இத்தகைய படத்தை எடுக்க முனைந்திருப்பவர்களும், எடுத்து முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. பேய்ப் படத்துக்கும் உளவியல் திகில் படத்துக்கும் என்ன வேறுபாடு? 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பதைத்தான் நாம் படமாக எடுக்கிறோம் என்று என் நண்பர் சொல்கிறார். அது சரிதானா?

பதில்: பாதி சரி. அந்தப் பழமொழியைச் சொல்பவர் வெளிச்சத்தில் நின்றுகொண்டு சொல்கிறார்; அங்கே பேய் இல்லை என்பது அவருக்குத் தெரியும், அரண்டவனுக்கு மட்டும்தான் தெரியாது. உளவியல் திகிலில் அப்படி வெளிச்சத்தில் நிற்கும் ஆள் ஒருவரும் இருக்கக் கூடாது; பார்வையாளரும் அரண்டவனோடு சேர்ந்து இருட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கயிற்றைப் பார்த்துப் பாம்பென்று மயங்குவதைக் கயிற்றரவு என்று சொல்வோம் அல்லவா? பேய்ப் படம் கடைசியில் பாம்பைக் காட்டிவிடுகிறது, துப்பறியும் படம் கயிற்றைக் காட்டிவிடுகிறது, உளவியல் திகில் படமோ விளக்கை ஏற்றும் நேரத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறது. இலக்கியக் கோட்பாட்டாளர் த்ஸ்வெதான் தொதொரோவ் 1970இல் வெளியிட்ட நூலில், நடந்தது இயற்கைக்கு உட்பட்டதா அப்பாற்பட்டதா என்று வாசகர் தயங்கி நிற்கும் வரையில்தான் மாயப்புனைவு என்ற வகை உயிரோடு இருக்கிறது என்று வரையறுத்தார். அந்தத் தயக்கத்தை எண்பது, தொண்ணூறு நிமிடங்களுக்குக் கலையாமல் காப்பதே நம் வேலை. அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை, கட்டுப்பாடுதான் வேண்டும். கையில் காசில்லாதவர்களுக்கு இந்த வகை ஏற்றதாக இருப்பதற்கு நான் காணும் காரணமும் அதுவே.

கேள்வி: சார், என்னிடம் இருப்பது ஒரு வீடு, நான்கு நடிகர்கள், ஒரு கேமரா. ஆனால் நான் எழுதி வைத்திருக்கும் திரைக்கதை ஒரு பழைய மருத்துவமனையில் நடக்கிறது. மருத்துவமனையைச் சிறு செலவில் எப்படி உருவாக்குவது?

பதில்: உருவாக்க வேண்டாம். மருத்துவமனைக்காக எழுதியதை ஒரு வீட்டின் இரண்டு அறைகளுக்குள் திணித்தால், பார்ப்பவருக்குத் தெரிவது அச்சமல்ல, உங்களிடம் இல்லாத பணம்தான். இந்தத் திரைக்கதையை எடுத்து வைத்துவிட்டு, இருக்கும் வீட்டுக்காகப் புதிதாக ஒன்றை எழுதுங்கள்.

இது சமாதானத்துக்காகச் சொல்வது அன்று. 1962இல் வெளியான 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' படத்தின் இயக்குநர் ஹெர்க் ஹார்வி, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் தொழில்துறைப் படங்களும் கல்விப் படங்களும் எடுக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். யூட்டா மாநிலத்தின் பெரும் உப்பு ஏரிக் கரையில் சால்ட்ஏர் என்ற கேளிக்கை மண்டபம் கைவிடப்பட்டுக் கிடந்ததை ஒரு பயணத்தின்போது பார்த்தார். படம் அந்த இடத்திலிருந்துதான் பிறந்தது. கட்டடத்தை முதலில் கண்டார், கதை பின்னால் எழுதப்பட்டது. ஏறத்தாழ 33,000 டாலரில், மூன்று வாரப் படப்பிடிப்பில் முடித்தார். நாயகியைத் தொடரும் வெளிறிய முகத்து மனிதனாக அவரே நடித்தார். 2022இல் வந்த 'ஸ்கினமரிங்க்' படத்தை அதன் இயக்குநர் தாம் வளர்ந்த வீட்டிலேயே ஏறக்குறைய 15,000 டாலரில் எடுத்தார். சுவரின் மேல்விளிம்பும், கதவு நிலையும், தொலைக்காட்சியின் ஒளி விழும் தரையுமே அதில் பெரும்பாலான காட்சிகள்.

வீடு என்பது நமக்கு வாய்த்த குறையல்ல. உளப்பகுப்பாய்வின் முன்னோடி சிக்மண்ட் பிராய்டு 1919இல் எழுதிய கட்டுரையில், இனம்புரியாத ஒருவகை அச்சம் அயலான ஒன்றிலிருந்து வருவதில்லை, நன்கு பழகிய ஒன்று அந்நியமாகும்போதே வருகிறது என்றார். மருத்துவமனையின் நடைகூடத்தைப் பார்க்கும்போதே நாம் அச்சத்துக்குத் தயாராகிவிடுகிறோம். துணி மடித்து வைக்கும் அலமாரியைப் பார்க்கும்போது அப்படித் தயாராவதில்லை. என் படத்தின் வீட்டில் ஒரு படுக்கையறைக் கதவு, எத்தனை முறை சாத்தினாலும் ஒரு சாண் அளவுக்குத் தானாகத் திறந்துகொள்ளும். தச்சரை அழைத்துச் சரிசெய்யத்தான் முதலில் நினைத்தோம். ஒரு வாரம் கழித்து அந்தக் கதவே கதையின் முதுகெலும்பாகிவிட்டது. நீங்களும் நான்கைந்து இரவுகள் உங்கள் வீட்டில் விளக்கில்லாமல் உட்கார்ந்து, எந்த மூலை எப்படி ஒலிக்கிறது, எந்தக் கண்ணாடியில் எது தெரிகிறது என்று குறித்துக்கொண்டு, அதன் பிறகு எழுதத் தொடங்குங்கள்.

கேள்வி: இருட்டுக் காட்சிகளில் எங்கள் படம் முழுக்கப் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் தெரிகிறது. இருட்டை நன்றாகப் பதிவு செய்ய எந்தக் கேமரா வாங்கலாம்?

பதில்: கேமராவை மாற்ற வேண்டியதில்லை. இருட்டைப் படமாக்க வெளிச்சம் வேண்டும் என்பதுதான் இங்கே கற்க வேண்டிய பாடம். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை ஏற்றினால், படத்தைப் பதிவு செய்யும் ஒளி உணரிக்குப் போதிய ஒளி கிடைக்காமல், இருளே சாம்பல் நிறமாகி நடுங்கும். அதற்கு மாறாக, முகத்தின் ஒரு விளிம்பையோ, சன்னல் சட்டத்தையோ, மேசையின் ஒரு மூலையையோ நன்றாக ஒளிரச் செய்து, மற்றதையெல்லாம் ஒளி படாமல் விட்டுவிட்டால், கண் அந்த ஒளியோடு ஒப்பிட்டு மிச்சத்தைக் கறுப்பாகப் புரிந்துகொள்ளும். கேமரா காட்டும் சட்டகத்தில் எங்கேயாவது ஒரு வெளிச்சம் இருந்தால்தான் கறுப்பு கறுப்பாக இருக்கும். வீட்டில் இருக்கும் மேசை விளக்குகளே போதும். இரவுக் காட்சிகளைப் பகலில் எடுக்க வேண்டுமானால் சன்னல்களை வெளிப்புறமாகத் தடித்த கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள். நடிகர்களும் குழுவினரும் இரவில் உறங்க முடியும். தூக்கமில்லாத குழு எடுத்த ஒன்பதாம் நாள் காட்சிகளைத் தொகுப்பு மேசையில் நான் பல முறை பார்த்திருக்கிறேன். அவற்றில் பாதி பயன்படாது.

கேள்வி: ஐயா, 19 ஹெர்ட்ஸ் ஒலியைப் பின்னணியில் சேர்த்தால் பார்ப்பவர்கள் காரணமே தெரியாமல் அஞ்சுவார்கள் என்று படித்தேன். அதை எப்படி உருவாக்குவது? பொதுவாக ஒலியைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: முதலில் அந்த 19 ஹெர்ட்ஸ் கதை. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற அளவு. விக் டாண்டி என்ற பிரித்தானியப் பொறியாளர், தாம் பணிபுரிந்த ஆய்வுக்கூடத்தில் காரணமில்லாத கலக்கத்தை உணர்ந்தார். கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்றையும் கண்டார். மறுநாள், பிடிமானக் கருவியில் பொருத்தியிருந்த, வாள்வீச்சு விளையாட்டுக்கான வாளின் அலகு ஒன்று தானாக அதிர்வதைக் கண்டு ஆராய்ந்தபோது, புதிதாகப் பொருத்திய காற்றுப்போக்கி விசிறி ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்வை உண்டாக்கிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அதை 1998இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். சுவையான நிகழ்ச்சிதான். ஆனால் அது ஓர் அறையில், ஒரு விசிறியால் நேர்ந்தது. மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பதில்லை. அதைவிட முக்கியமாக, உங்கள் படத்தைப் பார்க்கப்போகிறவர்களில் பெரும்பாலோரின் கைப்பேசியும் மடிக்கணினியும் அந்த அதிர்வெண்ணை வெளியிடவே மாட்டா. அந்த ஒலியை உருவாக்கச் செலவிடும் மாலையை வீட்டின் ஒலிகளைப் பதிவு செய்வதில் செலவிடுங்கள்.

பார்வையாளர்கள் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், சில நேரம் அதை அழகென்றுகூட எண்ணுவார்கள். ஆனால் வசனம் கேட்கவில்லையென்றால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். ஆகவே, செலவிட இருக்கும் முதல் தொகை ஒலிக்கே போக வேண்டும். நீண்ட கோலின் முனையில் பொருத்திப் பிடிக்கும் நல்ல பூம் மைக் ஒன்று, அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவர், ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் அசையாமல் நிற்க ஒரு நிமிட ரூம் டோன், அதாவது அந்த அறையின் இயல்பான ஓசையின் பதிவு. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வசனத்துக்கு இடையே வெட்டும்போது அறையின் இயல்பான ஓசை இல்லாமல் போனால் அந்த இடத்தில் ஓட்டை விழுந்ததுபோல் கேட்கும். நிரப்ப ரூம் டோன் இருந்தால்தான் நிரப்ப முடியும். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலுக்காக அதை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். மீண்டும் இயக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. ஒலிப்பதிவாளர்கள் பலரும் கடைப்பிடிக்கும் பழைய வழி இது.

அடுத்து, அச்சத்தின் ஒலி. இயக்குநர் டேவிட் லிஞ்ச்சும் ஒலி வடிவமைப்பாளர் ஆலன் ஸ்பிளெட்டும் 1977இல் வெளியான 'இரேசர்ஹெட்' படத்துக்காக உருவாக்கிய ஒலியைக் கேட்டுப் பாருங்கள். படம் முழுவதும் ஏதோ ஓர் இயந்திரத்தின் முனகல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சிறிது நேரத்தில் நாம் அதைக் கவனிப்பதை விட்டுவிடுகிறோம். இதில் இருக்கும் வித்தை இதுதான்: ஓர் ஒலியைச் சேர்ப்பதைவிட, பழகிப்போன ஓர் ஒலியை நிறுத்துவது அதிகம் அச்சுறுத்தும். என் படத்தில் மின்விசிறியின் 'டக், டக்' ஓசையை முதல் காட்சியிலிருந்தே வைத்திருந்தேன். நாற்பதாம் நிமிடத்தில், விசிறி சுழன்றுகொண்டிருக்கும்போதே அந்த ஓசையை மட்டும் எடுத்துவிட்டேன். முதல் திரையிடலில் அரங்கிலிருந்தவர்கள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு கேட்டபோது அவர்களில் ஒருவருக்கும் காரணம் தெரியவில்லை. அந்த மாற்றத்துக்கு நான் ஒரு காசும் செலவிடவில்லை.

அமைதி என்று நாம் சொல்வது ஒலியே இல்லாத நிலையல்ல. ஒலித்தடத்தை வெறுமையாக விட்டால் கருவி பழுதாகிவிட்டதோ என்றுதான் நினைப்பார்கள். நல்ல அமைதிக்குள் மூச்சு இருக்கும், உடை உரசும் ஓசை இருக்கும், அடுத்த அறையில் நீர் சொட்டும் ஓசை இருக்கும். பின்னணி இசையை எங்கே வைப்பது என்று கேட்பவர்களுக்கு, முதல் தொகுப்பை இசையே இல்லாமல் முடியுங்கள் என்பதே என் பதில். இசையில்லாமல் அஞ்ச வைக்காத காட்சியை இசையால் அஞ்ச வைக்க முயல்வது, உப்பில்லாத குழம்பில் நெய்யை ஊற்றுவது போன்றது.

கேள்வி: திடீரென்று அதிர வைக்கும் காட்சிகளே இருக்கக் கூடாது என்கிறீர்களா?

பதில்: அப்படி விதி எதுவும் இல்லை. 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில், இரவில் தனியாக நடக்கும் பெண்ணைப் பின்தொடரும் காலடியோசை நின்றுபோய், நாம் ஏதோ பாய்ந்து வரப்போகிறது என்று எதிர்பார்க்கும் நொடியில், சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பேருந்து. தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் 'லூட்டன் பஸ்' என்றே அந்த உத்தி இன்றும் அழைக்கப்படுகிறது. அதற்கு முன்னால் ஏறக்குறைய ஒன்றுமே நடக்காமல் சேர்த்து வைத்த அமைதியால்தான் அந்த அதிர்ச்சி பலிக்கிறது. ஒரு படத்தில் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை போதும்.

கேள்வி: அண்ணா, நடிகர்களுக்கு முன்கூட்டியே சொல்லாமல் உண்மையாகவே பயமுறுத்தி எடுத்தால் நடிப்பு இயல்பாக வருமல்லவா? 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' படத்தை அப்படித்தானே எடுத்தார்கள்?

பதில்: இல்லை தம்பி, அதை அப்படிப் புரிந்துகொள்ளக் கூடாது. காட்டில் காணாமல் போனவர்கள் தாங்களே எடுத்த காட்சிகள் என்பதுபோல் அமைந்த திகில் படம் அது. 1997 அக்டோபரில் அமெரிக்காவின் மேரிலாந்து காட்டில் எட்டு நாட்கள் அந்தப் படத்தை எடுத்தபோது, நடிகர்கள் மூவரும் தங்கள் கையாலேயே ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் செய்தார்கள், வசனத்தை அவ்வப்போது தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள், இரவில் கூடாரத்தைச் சுற்றி என்ன நடக்கும் என்பது அவர்களுக்கு முழுமையாகத் தெரியாது. ஆனால் எந்த வகைப் படம், எவ்விதமான படப்பிடிப்பு என்பதை அறிந்தே வந்தார்கள். பாத்திரத்திலிருந்து வெளியேற வேண்டுமானால் சொல்வதற்கு ஒரு குறிச்சொல்லும் வைத்திருந்தார்கள். அறிந்து, ஒப்புக்கொண்டு அஞ்சுவதற்கும், அறியாதவரைத் துன்புறுத்திப் படம் பிடிப்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அந்த மூவருமே தங்கள் உண்மையான பெயர்களில் அதில் நடித்தார்கள், படத்துக்கான விளம்பரத்தில் காணாமல் போனவர்களாகக் காட்டப்பட்டார்கள், படம் உலகெங்கும் 24 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய பிறகும் உரிய பங்கு கேட்டு 2024இல்கூடப் பகிரங்கமாகக் கடிதம் எழுத வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே அந்தப் படத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். என் படத்தின் நாயகி உடைந்து அழும் காட்சியை, 'இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று' என்று பதினான்கு டேக் எடுத்தேன். பதினோராவது டேக்கிலிருந்து அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரிந்திருந்தும் நிறுத்தவில்லை. அன்றிரவு அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இரண்டு நாள் படப்பிடிப்பு நின்றது. தொகுப்பில் நான் பயன்படுத்தியது மூன்றாவது டேக். அதற்குப் பிறகு நான் பணியாற்றிய படங்களில், கடினமான காட்சிக்கு எத்தனை டேக் என்பதை முன்னதாகவே நடிகரோடு பேசி முடிவு செய்துவிடும்படி இயக்குநரிடம் வலியுறுத்துகிறேன். அந்தக் காட்சி முடிந்ததும் அரை மணி நேரம் எல்லோரும் வெளியே வந்து உட்கார்ந்திருப்பதையும் அன்றைய திட்டத்திலேயே எழுதி வைக்கச் சொல்கிறேன்.

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது. இத்தகைய படங்கள் பலவற்றில் மனநோயாளியே கடைசியில் கொலைகாரனாக இருப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. இதை எடுப்பவர்கள் யோசிப்பதே இல்லையா?

பதில்: அம்மா, உங்கள் வலி நியாயமானது. பலர் யோசிப்பதில்லை என்பதுதான் உண்மை. கடுமையான மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம் என்பது ஆய்வுகள் பலவும் காட்டியிருப்பது; நாம் எடுக்கும் படங்களோ தலைகீழாகச் சொல்கின்றன. மனச்சிதைவு என்று பெயர் சொல்லிவிட்டு, ஓர் உடலில் இரண்டு ஆளுமைகள் குடியிருப்பதாகக் காட்டுகிறார்கள். இரண்டும் முற்றிலும் வேறான நோய்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு மருத்துவர் வந்து நோயின் பெயரைச் சொன்னதும் கதை முடிந்துவிடுவதாக எழுதுபவர்கள், ஒரு மனிதரின் வாழ்நாள் துயரத்தைத் தங்கள் திருப்பத்துக்கான சாவியாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

எழுதுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். அந்த மனிதர் படும் அவதியைக் காட்டுங்கள். தன் கண்ணையும் காதையும் தானே நம்ப முடியாமல் போவது, நெருங்கியவர்களே நம்ப மறுப்பது, உதவி கேட்டால் அடைத்து வைத்துவிடுவார்களோ என்று தயங்குவது: இவற்றைவிடப் பெரிய திகில் எதுவும் இல்லை. அவரைப் பார்த்து நாம் அஞ்சக் கூடாது, அவரோடு சேர்ந்து அஞ்ச வேண்டும். எழுதி முடித்ததும், அந்த நிலையை அறிந்த ஒருவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ படிக்கக் கொடுங்கள். உங்களைப் போன்றவர்கள் அதைப் படித்துச் சொல்லும் ஒரு வரி, எங்களுக்குள் நாங்களே பேசிக்கொள்ளும் பத்து நாள் விவாதத்தைவிடப் பயன்படும்.

கேள்வி: எங்கள் படத்தின் முடிவை வேண்டுமென்றே திறந்து விட்டோம். பார்த்தவர்கள் 'ஒன்றும் புரியவில்லை, ஏமாற்றிவிட்டீர்கள்' என்று கோபப்படுகிறார்கள். எல்லாவற்றையும் விளக்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: உண்மையில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியுமா? இயக்குநருக்குத் தெரிந்து மறைத்தது இருபொருள். அவருக்கே தெரியாமல் விட்டது குழப்பம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்வையாளர்கள் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறார்கள்.

நான் கடைப்பிடிக்கும் முறை எளிது. ஒரு குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். இடப்பக்கம் 'எல்லாம் அவள் மனத்தில் நடக்கிறது', வலப்பக்கம் 'வீட்டில் உண்மையாகவே ஏதோ இருக்கிறது'. ஒவ்வொரு காட்சியையும் இரு பக்கத்திலும் எழுதிப் பார்ப்பேன். இரு பக்கமும் பொருந்தினால் காட்சி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பொருந்தினால், அந்த இடத்தில் சந்தேகம் செத்துவிட்டது என்று பொருள். ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்குரூ' என்ற குறுநாவலில் ஆசிரியை காணும் ஆவிகள் உண்மையா, அவள் மனத்தின் படைப்பா என்று இன்றுவரை வாதிட முடிகிறதென்றால், கதை முழுவதும் அவள் எழுதி வைத்த குறிப்பாகவே நமக்கு வந்து சேர்வதுதான் அதற்கு முக்கியமான காரணம்.

சினிமாவில் இந்த இடத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். நாயகி அறையிலிருந்து போய்விடுகிறாள். கேமரா மட்டும் அங்கேயே நின்று, நாற்காலி தானாக நகர்வதைக் காட்டுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை யார் பார்த்தார்கள்? அவள் இல்லாத அறையில் நாற்காலி நகர்ந்தால் அது அவள் மனத்தில் நகரவில்லை. அந்த ஒரு ஷாட் உங்கள் எண்பது நிமிட உழைப்பை அழித்துவிடும். உங்கள் பார்வையாளர்கள் கோபப்படுவது முடிவு திறந்திருப்பதற்காக இல்லாமல், நடுவில் எங்கோ இப்படி ஒரு வாக்குறுதியைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் மறந்துவிட்டதற்காகவும் இருக்கலாம். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு படத்தை ஒரு முறை பாருங்கள்.

கேள்வி: எங்கள் தொகுப்பு இரண்டு மணி பத்து நிமிடம் ஓடுகிறது. மெதுவாக இருக்கிறது என்கிறார்கள். இந்த வகைப் படம் மெதுவாகத்தானே இருக்க வேண்டும்?

பதில்: மெதுவாக இருக்கலாம், வெறுமையாக இருக்கக் கூடாது. ஒரு நீண்ட ஷாட்டில் பார்வையாளரின் கண் எதையாவது தேடிக்கொண்டிருந்தால் அது மெதுவாகத் தோன்றாது. அதற்காகத்தான் அகன்ற சட்டகத்தில் ஓர் ஓரமாக இருண்ட வாயில் ஒன்றை விட்டு வைக்கிறோம். அங்கே ஒன்றும் வராவிட்டாலும் கண் அதை விட்டு அகலாது. தேட இடமில்லாத அண்மைக் காட்சியை (குளோஸ் அப்) அதே நேரம் ஓட விட்டால் சலிப்புதான் வரும்.

'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' குழுவினர் ஏறத்தாழ 20 மணி நேரக் காட்சிகளிலிருந்து 81 நிமிடப் படத்தைத் தொகுத்தார்கள். கதை தெரியாத மூன்று பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து உங்கள் படத்தைக் காட்டுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம். அவர்கள் எந்த நிமிடத்தில் கைப்பேசியைத் தொட்டார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூவரும் ஒரே இடத்தில் தொட்டிருந்தால், அங்கே அல்ல, அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் எதையோ தளர விட்டிருக்கிறீர்கள் என்று பொருள். பெரும்பாலும் அங்கே ஒருவர் மற்றொருவரிடம் முன்கதையை விளக்கிக்கொண்டிருப்பார்.

கேள்வி: 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' 15,000 டாலரில் எடுக்கப்பட்டு 19 கோடி டாலர் ஈட்டியதாகச் சொல்கிறார்கள். அதைக் காட்டி உறவினர்களிடம் முதலீடு கேட்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: கேட்க வேண்டாம். அந்த எண்கள் உண்மைதான். ஓரென் பெலி சான் டியாகோவில் இருந்த தம் வீட்டிலேயே ஒரு வாரத்தில் எடுத்த படம் அது. ஆனால் 2007இல் விழாவில் திரையிடப்பட்ட படம் பரவலாகத் திரையரங்குகளுக்கு வந்தது 2009இல்; இடையில் ஒரு பெரிய நிறுவனம் வாங்கி, முடிவை மாற்றி, விளம்பரத்துக்குப் பெருந்தொகை செலவிட்ட பிறகே அந்த வசூல் வந்தது. அதே ஆண்டுகளில் வீட்டுக்குள் எடுக்கப்பட்டு யாரும் பார்க்காமல் போன படங்களின் கணக்கை எவரும் எழுதி வைப்பதில்லை. திரும்பி வராவிட்டாலும் உறவு கெடாத அளவுக்கு மட்டும் பணம் வாங்குங்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

எழுத்து என்று சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968இல் வெளியாகும் தறுவாயில் பெயர் மாற்றப்பட்டது. புதிய பெயர் அட்டையில் காப்புரிமை அறிவிப்பைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த அறிவிப்பு இல்லாமல் வெளியானதால் படம் பொதுவுடைமையாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்றாயிற்று. இன்று பெரும்பாலான நாடுகளில் சட்டம் அவ்வளவு கொடியதன்று. ஆனாலும், நடிகர் ஒப்புதல், இசை உரிமை, வீட்டு உரிமையாளரின் அனுமதி ஆகிய மூன்றும் கையெழுத்தோடு இல்லாவிட்டால் எந்த ஓடிடி தளமும் உங்கள் படத்தை எடுத்துக்கொள்ளத் தயங்கும். இணையத்தில் கிடைத்த இசைத்துண்டை 'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று வைத்துவிட்டு, அந்த இசைக்கேற்ப முழுக் காட்சியையும் வெட்டிவிட்டு, கடைசியில் மாற்ற முடியாமல் தவித்த ஒரு படத்தில் நான் பணியாற்றியிருக்கிறேன். மூன்று வாரம் வீணாயிற்று.

கேள்வி: அடுத்த வாரம் படப்பிடிப்பு தொடங்குகிறது, ஐயா. முதல் நாள் எந்தக் காட்சியை எடுப்பது நல்லது? கடினமான திகில் காட்சியை முதலில் முடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். முதல் நாள், அச்சமே இல்லாத ஒரு காட்சியை எடுங்கள். நாயகி வீட்டுக்கு வருகிறாள், செருப்பைக் கழற்றுகிறாள், விளக்கைப் போடுகிறாள், துணிகளை மடித்து அலமாரியில் வைக்கிறாள். அவசரப்படாமல், அவள் அந்த வீட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தவள் என்று நம்பும் வரை எடுங்கள். அவள் எந்தக் கையால் சுவிட்சைத் தேடுகிறாள், செருப்பை எங்கே விடுகிறாள் என்பதை, காட்சிக்குக் காட்சி தொடர்ச்சி மாறாமல் கவனிக்கும் கன்டினியூட்டி பார்ப்பவர் எழுதி வைத்துக்கொள்ளட்டும். பன்னிரண்டாம் நாள், அதே வாசலில் அந்தச் செருப்பு வேறு பக்கம் திரும்பியிருப்பதை நீங்கள் காட்டும்போது அந்தக் குறிப்பு தேவைப்படும்.